ஜெனிவாவுக்கு இரண்டு வாசல்கள்: சர்வதேசத் துறைக்குத் தயாராகும் எங்கள் மாணவர்களுக்கு

“ஐ.நா.வில வேலை செய்யோணும். எங்கட அம்மாக்களுக்காக அங்க கதைக்கோணும்” என்றார், சர்வதேச உறவுகள் துறையில் முதுமாணிப் படிப்பை முடிக்கவிருக்கும் வன்னி மாணவி ஒருவர். இரண்டும் நியாயமான விருப்பங்களே. ஆனால் ஒரே கதிரையில் இருந்துகொண்டு இரண்டையும் செய்ய முடியாது.

ஐ.நா. சாசனத்தின் 100ஆம் உறுப்புரையின்படி, அதன் அலுவலர்கள் எந்த அரசிடமிருந்தும் வெளித்தரப்பிடமிருந்தும் அறிவுறுத்தல் பெறக்கூடாது. தன் சமூகத்துக்காகக்கூட அவர்கள் பரப்புரை செய்ய முடியாது.

அந்த வாசலால் போக விரும்புவோருக்கு இளம் தொழில்வாண்மையாளர் பரீட்சை இருக்கிறது. வயது 32ஐத் தாண்டக்கூடாது. பட்டமும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுப் புலமையும் வேண்டும். அவ்வாண்டுப் பட்டியலிலுள்ள நாட்டவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால், இலங்கை அதில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். ஐ.நா. செயலகத்தின் உள்ளகப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை; தங்குமிடச் செலவும் உங்களுடையதே. அதற்கு வசதியில்லாதோர், ஐ.நா. தொண்டர் அமைப்பின் இணையவழிப் பணிகளை வீட்டிலிருந்தே செய்து அனுபவம் பெறலாம்.

இரண்டாவது வாசல் மனித உரிமை அமைப்புகள். ஐ.நா.வின் ஆலோசனை அந்தஸ்துப் பெற்ற அமைப்புகள் மனித உரிமைகள் பேரவையில் உரையாற்றலாம். கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. அதற்குப் பின்னால் திகதி, இடம், சாட்சி என ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் நீண்ட உழைப்பு இருக்கிறது.

2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்கு வழங்கியது. ஆனால் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. அம்மாக்களின் வாக்குமூலங்கள் மொழிபெயர்ப்பின் ஊடாகவே அங்கு போய்ச் சேருகின்றன.

“மகனை இராணுவத்திடம் கையளித்தேன்” என்பது “மகன் காணாமல் போனார்” என மாறினால், ஒரு சொல் மட்டும் தவறவில்லை. வலிந்து காணாமலாக்கப்படுதல் என்ற குற்றத்தை நிறுவ, அரச தரப்பின் தொடர்பைக் காட்ட வேண்டும். அந்தத் தொடர்பே வசனத்திலிருந்து விடுபட்டுப்போகிறது.

எந்த வாசலைத் தெரிந்தாலும் இந்த வேறுபாட்டைக் காக்கும் பயிற்சி தேவை. இன்றே தொடங்கலாம்: பேரவையின் அறிக்கைகளை இரு மொழிகளிலும் எழுதிப் பழகுங்கள், பிரெஞ்சு படியுங்கள். வாக்குமூலம் பதிவதானால், பயிற்சி பெற்றவர்களுடன், சம்மதம் பெற்றே செய்யுங்கள். சொன்னவரின் பெயரையோ படத்தையோ முகநூலில் போடாதீர்கள். உங்கள் தொழிலுக்காக அவர்களின் பாதுகாப்பு கெடக்கூடாது.