அகழாய்வுக்குப் பட்டம் வேண்டாம், அனுமதி வேண்டும்

வரலாறு படித்தவர்களுக்குத்தான் அகழாய்வுக் குழியில் இடம் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் படிக்கும், வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் அப்படி ஒதுங்கத் தேவையில்லை. வட இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே இருக்கும் விண்டோலாண்டா ரோமானியக் கோட்டையில் கோடைதோறும் தன்னார்வலர்கள் தோண்டுகிறார்கள். பட்டமோ முன் அனுபவமோ கேட்பதில்லை. மையால் எழுதப்பட்ட மெல்லிய மர ஏடுகள் 1973இல் கிடைத்தது இங்கேதான். காற்றுப் புகாத ஈரமண் அவற்றை 1,900 ஆண்டுகள் காத்து வைத்திருந்தது.

சேரும் முன்

விண்டோலாண்டாவில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே முந்தைய ஆண்டின் இறுதியிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ‘யங் ஆர்க்கியாலஜிஸ்ட்ஸ் கிளப்’ இருக்கிறது.

தன்னார்வப் பணி என்றாலும் பல இடங்களில் கட்டணம் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, காப்பீடு இவற்றில் எவை அதில் அடங்கும், வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அகழாய்வை நடத்தும் தொல்லியலாளர் யார், நில உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டாதீர்கள்.

சுற்றுலா விசாவில் வந்தவர்கள், பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாட்கள் வரையே தன்னார்வப் பணி செய்யலாம். மாணவர் விசாவில் இருப்போர் தங்கள் கல்லூரியில் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம்.

உங்கள் உரிமை

சம்பளம் வாங்காதவர் என்பதால் உங்கள் பாதுகாப்பை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. தம் பணியால் வெளியாட்களுக்கும் ஆபத்து நேராமல் காக்கும் கடமையை 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. ஆழமான குழியின் ஓரம் சரியும் நிலையில் இருந்தால் இறங்க மறுத்துவிடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

பணம் கட்டி ஏமாந்தால்? 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் விலையுள்ள சேவைக்குக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அமைப்பு இலவசமாக வழிகாட்டும். அறக்கட்டளையின் தீவிர முறைகேட்டை ‘சாரிட்டி கமிஷன்’ விசாரிக்கும்.

எல்லை மீறினால்

பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவது இங்கிலாந்தில் குற்றம். புதையல் என்று கருதத்தக்க பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் கொரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவிலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிப்பது கட்டாயம். மறைத்தால் கண்டெடுத்தவர் தமக்குரிய பங்கை இழப்பார்; சிறைத் தண்டனையும் வரலாம்.

எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்ற பதிவுதான் ஒரு பானை ஓட்டை வரலாற்றுச் சான்றாக்குகிறது. ஆர்வம் உள்ளவர்கள் அனுமதி பெற்ற அகழாய்வில் சேருங்கள். தற்செயலாக ஏதேனும் கண்ணில் பட்டால் கிளறாமல், இருந்த இடத்திலேயே விட்டு, உடனே உரியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.