ஒட்டுத் தாடியும் மஞ்சள் உடுப்பும்

என் பெரியப்பா ரதி வேஷக்காரர். இலங்கைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து வந்தால் அவர்தான் ரதி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் நீலகிரிக்கு வந்து டான்டீ தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் ஒண்டியபோதும் அந்தப் பெருமை குறையவில்லை. “கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க முன்னால பொம்பளையா நடக்கணும் புள்ள. கொசுவம் கொஞ்சம் நழுவினாலும் சிரிச்சே கொன்னுடுவாளுக” என்பார்.

பழைய கிரேக்க ஏதென்ஸ் நடிகர்களுக்கு அந்தப் பயம் குறைவு. அங்கும் நடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள், முகமூடி வேறு. பார்க்கவாவது பெண்கள் வந்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோபனீஸின் மேடையில் பெண்கள் ஊரையே ஆட்டிவைத்தார்கள். கி.மு. 411இல் வந்த ‘லைசிஸ்ட்ராட்டா’ என்றாலே, போர் நிற்கும்வரை புருஷன்மாருக்குப் படுக்கை இல்லை என்ற சபதத்தைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். கிழவிகள் அக்ரோபோலிஸ் கோட்டையைப் பிடித்து, போர்ச் செலவுக்கான கஜானாவை முடக்கியதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் நாடகம்.

அதைவிடப் பிடித்தது, சுமார் கி.மு. 391இல் வந்த அவருடைய ‘எக்ளேசியாசூசாய்’ (மன்றத்துப் பெண்கள்). மக்கள் மன்றத்தில் பெண்களுக்கு இடமில்லை. பிரக்ஸாகோரா விடியுமுன் பெண்களைக் கூட்டி, புருஷன் அங்கி, கைத்தடி, ஒட்டுத் தாடி சகிதம் ஒத்திகை பார்க்கிறாள். ஒருத்தி, சும்மா உட்காருவானேன் என்று சிக்கெடுக்கக் கம்பளி கொண்டுவருகிறாள். இன்னொருத்தி ஆம்பளைக் குரலில் பேச எழுந்து, பெண்கள் மட்டுமே செய்யும் சத்தியத்தைச் செய்துவிடுகிறாள். பெண் வேஷம் கட்டிய ஆண், ஆண் வேஷத்தில் கோட்டைவிடும் கூத்து! மன்றத்தில் வெளுத்த முகங்களைப் பார்த்தவன், நிழலில் தைக்கும் செருப்புத் தொழிலாளிகள் என்று நினைக்கிறான். ஆட்சி பெண்கள் கைக்கு வருகிறது. பிரக்ஸாகோராவின் புருஷனோ தன் அங்கியைக் காணாமல், மனைவியின் மஞ்சள் உடுப்பை மாட்டிக்கொண்டு அவசரத்துக்குத் தெருவில் குந்தியிருக்கிறான்.

அதற்காக அரிஸ்டோபனீஸைப் பெண்ணுரிமைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நாடகத்துப் பெண் புத்தியாக ஒரு வார்த்தை பேசினால், அடுத்த வரியில் குடிகாரி, ஆசைபிடித்தவள் என்று கேலி வந்துவிடும்.

2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறில் வேஷமே வேண்டியிருக்கவில்லை. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனதும், தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பேர். தொழிற்சங்கத்து ஆம்பளைத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் வந்தது. 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கச் சொன்னது மட்டும் 301இல் நின்றுபோனது.