மந்தர ஸ்தாயிக்கு ஓர் இடம்

பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய டவர் ஸ்பீக்கர் ஜோடியைக் கூடத்தில் நிறுத்திவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் சங்கீத ரசிகர் ஒருவரிடம், கூடவே தாழ்ந்த ஓசைக்கென்றே அமைந்த ஒலிபெருக்கியான சப்வூஃபர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், சினிமாக் கொட்டகையின் அதிர்வேட்டு ஓசையை வீட்டுக்குள் அழைத்துவரச் சொல்கிறோம் என்று எண்ணி அவர் முகம் சுளிப்பது சகஜமே. 1974-ஆம் ஆண்டு ‘எர்த்குவேக்’ என்ற அமெரிக்கப் படத்துக்காகத் தியேட்டர்களில் ராட்சத ஒலிபெருக்கிகளை நிறுத்தி ஆசனங்களையே நடுங்கச் செய்த காலத்திலிருந்து, இந்தக் கருவி பூகம்பத்துக்கும் வெடிச் சப்தத்துக்குமே உரியது என்ற அபிப்பிராயம் பலருக்கு உண்டு. சங்கீதம் கேட்பவருக்கு அதனால் விளையும் பிரயோஜனமோ வேறு வகையைச் சேர்ந்தது.

பேஸ் கிடாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பியானோவின் இடக் கோடியிலுள்ள கட்டை 27.5 ஹெர்ட்ஸ். டவர் ஸ்பீக்கர்களில் பல 40 ஹெர்ட்ஸை ஒட்டியே தளர்ந்துவிடுகின்றன. ஒரு ஸ்தாயி கீழே இறங்கியும் அதே பலத்தோடு ஒலிக்க வேண்டுமானால், ஸ்பீக்கரின் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும். இந்தக் குறையைச் சப்வூஃபர் நிவர்த்தி செய்கிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உண்டு; அதை அறிய, ஸ்பீக்கரை விட்டு அறையைக் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் 14 அடி நீளக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 28 அடி. அதில் சரிபாதி அந்தக் கூடத்தின் நீளம். ஆகவே எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து நிலையலையாகி, தொட்டியை ஆட்டிவிட்டால் தண்ணீர் இரு ஓரங்களிலும் ஏறி இறங்க நடுவில் மட்டம் அசையாதிருப்பதுபோல், சுவரோரத்தில் அந்த ஸ்வரத்தைக் குமுறச் செய்து, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தவர் காதுக்கு அதை அநேகமாக எட்டவிடாமலே அடித்துவிடுகின்றன. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் தனி வழியே நடந்து செல்லும் அழகை ரசிப்பவர், ஒரு ஸ்வரம் முழங்க அடுத்தது மறைவதைக் கேட்டுவிட்டு, குற்றத்தை ஸ்பீக்கர்மீதோ ஆம்ப்ளிஃபயர்மீதோ சுமத்துகிறார். செங்கல்லும் கான்கிரீட்டுமான நம் சுவர்கள் தாழ்ந்த ஓசையைச் சிறிதும் விழுங்குவதில்லையாதலால், மரச்சட்டத்தில் பலகை அடித்த மேல்நாட்டு வீடுகளைக் காட்டிலும் இங்கே இந்த உபத்திரவம் கடுமையானது.

டவர் ஸ்பீக்கரை நகர்த்திப் பார்க்கலாமே என்றால், பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவே தெளிவாக நிற்க வேண்டும் என்பதற்காக அதன் ஸ்தானம் முன்பே நிர்ணயமாகிவிட்டது. குரலுக்கு உகந்த அந்த இடமே தாழ்ந்த நாதத்துக்கும் உகந்ததாக அமைவது அபூர்வம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி பிரித்தறியாது. ஆகவே சப்வூஃபரை அறை எங்கே ஏற்கிறதோ அங்கே வைக்கும் சுதந்திரம் நமக்குக் கிடைக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி சுலபமானது. நாம் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரைத் தூக்கிவைத்து, பேஸ் ஸ்வரங்கள் ஏறி இறங்கும் பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் காதைத் தரைக்குச் சமீபத்தில் தாழ்த்திக்கொண்டே தவழ்ந்து செல்ல வேண்டும். எந்த ஸ்வரமும் விம்மாமலும் நழுவாமலும் எங்கே சமமாகக் கேட்கிறதோ, அதுவே அதற்குரிய இடம். இணைப்பு பெரிய காரியமன்று. ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கென்று தனி வழி இல்லாவிடினும், அதன் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே வயர் இழுத்துச் சேர்க்கத்தக்க சப்வூஃபர்கள் உண்டு. சப்வூஃபர் எதற்குக் கீழே ஒலிக்க வேண்டும் என்று வகுக்கும் கிராஸ்ஓவர் குமிழை, டவர் தளரத் தொடங்கும் இடத்தை ஒட்டி, 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிறுத்தி, அந்த ஹெர்ட்ஸ் ஒலியையே ஓடவிட்டு, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சின் இரு நிலைகளில் எது பலமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம். ஒலியளவில்தான் நிதானம் வேண்டும்: சப்வூஃபர் என்ற ஒன்று அறையில் இருப்பது காதுக்குப் புலப்படுமாயின், அளவு மிஞ்சிவிட்டது என்றே கொள்க.

வசதியுள்ளவர்கள் ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வாங்குவதே விவேகம் என்பது என் உறுதியான எண்ணம். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்ட்டி, செவ்வக அறைகளில் சப்வூஃபர்களைப் பலவாறாக அமைத்து ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, நான்கு சுவர்களின் மத்தியிலும் ஒவ்வொன்றாக வைப்பது சிறப்பு. எதிரெதிர்ச் சுவர்களின் மத்தியில் இரண்டு வைத்தாலும் ஏறக்குறைய அதே நன்மை கிட்டும். நமது 14 அடிக் கூடத்தில் முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றுமாக வைத்தால், இரண்டும் எழுப்பும் அந்த 41 ஹெர்ட்ஸ் நிலையலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நடு நாற்காலியில் காணாமற்போன ஸ்வரம் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. பின்சுவரில் சோபா இடைஞ்சலாக இருக்குமானால், சிறிது இடைவெளி விட்டு அதன் பின்னாலேயே சப்வூஃபரை வைத்துவிடலாம். அவ்வளவு நீளமான அலைக்குச் சோபா ஒரு தடையே அன்று.