கின், கின், கின்!

பாங்காக் தெருவில் மதிய வேளையில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால், "கின் க்ஹாவ் ரூ யங்?" என்று கேட்பார்கள். சாப்பிட்டாச்சா, இன்னும் இல்லையா என்று விசாரிக்கிறார்கள். நம் ஊரிலும் இதே விசாரிப்புதானே! 'கின்' என்றால் சாப்பிடு. 'க்ஹாவ்' என்றால் சோறு.

தாய்லாந்து மொழியில் இந்த வினைச்சொல்லைப் பழகுவது ஒரு வகையில் ரொம்பச் சுலபம், குழந்தைகளே. தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிடுவோம் என்று சொல்லின் வால் மாறிக்கொண்டே போகும். 'கின்' மாறவே மாறாது. நான், நீ, அவர்கள், யார் சாப்பிட்டாலும் கின்தான். காலத்தைக் காட்டப் பக்கத்தில் வேறு சொல் வந்து நிற்கும். முன்னால் 'ஜ' வந்தால் இனிமேல்தான் சாப்பாடு. 'கம்லங்' வந்தால் சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. பின்னால் 'லேவ்' வந்தால் சாப்பிட்டாயிற்று. 'நேற்று' என்று ஏற்கெனவே சொல்லிவிட்டால் இவை எதுவுமே வேண்டாம்.

மருந்து சாப்பிடுவதும் கின்தான். பேச்சு வழக்கில் தண்ணீர் குடிப்பதும் அதுவே. மின்சாரத்தை அதிகம் இழுக்கும் இயந்திரத்தைக்கூட 'கின் ஃபாய்' என்பார்கள். ஃபாய் என்றால் நெருப்பு. மின்சாரத்துக்கும் அதே பெயர்.

சிரமம் 'க்ஹாவ்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு அருகில் வைத்து 'கல்' என்று சொல்லுங்கள். கையில் காற்று அவ்வளவாகப் படாது. நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தை விட்டு விலகியதுமே குரல்நாண்கள் அதிரத் தொடங்கிவிடுகின்றன. 'கின்'னில் வருவதும் இதே ஒலி; அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது உடனே வரும். 'க்ஹாவ்' அப்படியில்லை. நாக்கு விலகிய பிறகு, ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் குரல்நாண்கள் அதிரும். அந்த இடைவெளியில் மூச்சு வெளியே பாய்ந்து உள்ளங்கையில் மோதும்.

அடுத்தது சுருதி. குரல்நாண்கள் இழுபட்டு விறைத்தால் வேகமாக அதிரும், குரல் உயரும். தளர்ந்தால் குரல் தாழும். தாய்லாந்து மொழியில் இப்படி ஐந்து தொனிகள் உண்டு. குரலை உயரத்தில் தொடங்கிக் கீழே இறக்கினால் 'க்ஹாவ்' சோறு. தாழ்வாகவே சொன்னால் செய்தி. கீழிருந்து மேலே ஏற்றினால் வெள்ளை! உதடும் நாக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குரல்வளை பொருளையே மாற்றிவிடுகிறது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த அதிசயம் இதுதான்.

ஒரு சந்தேகம் வரலாம். தாத்தாவின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 120 முறை அதிரும். பேத்தியுடையவை 250 முறைக்கு மேல். இருவரும் ஒரே தொனியில் பேசுவது எப்படி? எத்தனை முறை அதிர்கிறது என்பது முக்கியமே இல்லை. பேசுகிறவரின் வழக்கமான குரலிலிருந்து சுருதி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைத்தான் காது கவனிக்கிறது. கீச்சுக் குரலோ கட்டைக் குரலோ, யார் வேண்டுமானாலும் கற்கலாம்.

பெரியவர்களிடம் பேசும்போது மட்டும் 'கின்'னை விட்டுவிட்டு, மரியாதையான 'த்ஹான்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். வாக்கியத்தின் முடிவில் பையன்கள் 'க்ஹ்ரப்' என்றும் பெண்பிள்ளைகள் 'க்ஹா' என்றும் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.