366-ஆம் நாளில் உறைந்த பாட்டுப் பெட்டி

2008 டிசம்பர் 31. மைக்ரோசாப்ட் விற்ற ஸூன் என்ற கையடக்கப் பாட்டுப் பெட்டிகள் அன்று கூட்டமாக உறைந்துபோயின. எல்லா ஸூனும் இல்லை. 2006-இல் வந்த 30 ஜி.பி. மாடல் மட்டும். திரையில் தொடக்கப் படம் வந்தது, அதோடு சரி. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசைவில்லை.

பேட்டரி கெட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் அல்லவா படுத்திருக்கும்? எல்லாம் ஒரே நாளில் என்றால், தேதியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸூனின் கடிகாரம் 1980 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணிக்கையிலிருந்து இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது கர்னலோடு சேர்ந்து ஓடும், டிரைவர் என்ற ஒரு நிரலின் வேலை. கர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். ஆண்டை 1980 என்றும், மிச்ச நாளை அந்த எண்ணிக்கை என்றும் வைத்துத் தொடங்கி, டிரைவர் செய்த கணக்கு இவ்வளவுதான்:

மிச்ச நாள் 365-க்கு மேலா? இல்லையென்றால் கணக்கு முடிந்தது. மேலே என்றால், சாதாரண ஆண்டுக்கு 365-ஐக் கழி, ஆண்டில் 1 கூட்டு. லீப் ஆண்டாக இருந்தால், மிச்சம் 366-க்கும் மேலே இருக்கிறதா என்று பார். இருந்தால் 366-ஐக் கழி, ஆண்டில் 1 கூட்டு. மறுபடி முதல் கேள்விக்குப் போ.

பென்சிலை எடுங்கள். அன்றைய எண் 10593. 1980 முதல் 2007 வரை 28 ஆண்டுகள், அவற்றில் 7 லீப் ஆண்டுகள். மொத்தம் 10227 நாள். கழித்தால் மிச்சம் 366, ஆண்டு 2008. 365-க்கு மேலா? ஆமாம். லீப் ஆண்டா? ஆமாம். 366-க்கு மேலா? இல்லை. அப்படியானால் எதையும் கழிக்கவில்லை, எதையும் கூட்டவில்லை. மறுபடி முதல் கேள்வி. 365-க்கு மேலா? ஆமாம்...

இதுதான் முடிவில்லாத லூப். முந்தைய நாளான டிசம்பர் 30-க்கு இதே கணக்கு சரியான விடை தரும். அந்த மாடலுக்கு 2008தான் முதல் லீப் ஆண்டு என்பதால், அதுவரை இந்தக் குழியில் கால் வைக்க வாய்ப்பே வரவில்லை. ரொம்பப் பொல்லாத பிழை!

சாதாரண விளையாட்டுச் செயலி இப்படிச் சுழன்றால், கர்னல் அதைச் சற்று நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைக் கவனிக்கும். சுழல்வது கர்னலே என்றால், அதுவும் கருவி விழிக்கும் நேரத்திலேயே என்றால்? பொத்தானைக் கவனிக்கும் நிரலுக்கு முறையே வராது. என்ன ஆயிற்று என்று திரையில் எழுதக்கூட ஆள் கிடையாது. அதனால்தான் லினக்ஸ் கர்னலில் 'காவல் நாய்' என்ற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு பிராசசர் சுமார் 20 விநாடிக்கு மேல் வேறு வேலைக்கு வழிவிடாமல் கர்னலுக்குள்ளேயே சுழன்றால் அது குரைக்கும். நிரலின் எந்தப் பகுதிக்குள், அதாவது எந்த ஃபங்ஷனுக்குள், மாட்டியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியும் வைக்கும். பிழை தேடுபவர் அந்த ஃபங்ஷனைத் திறந்து, நாம் இப்போது செய்ததுபோல வரிவரியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

ஸூன்காரர்களுக்கு மைக்ரோசாப்ட் சொன்ன வைத்தியம் வேடிக்கையானது: பேட்டரி முழுக்கத் தீரட்டும், ஜனவரி 1 அன்று கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள். அன்றைய எண் 10594. மிச்சம் 367 வரும். 366-ஐக் கழித்தால் 1. ஆண்டு 2009, நாள் 1. பாட்டு வந்துவிட்டது.

நிரலைத் திருத்தாமல் விட்டால் 2012 டிசம்பர் 31 அன்று என்ன ஆகும்? அன்றைய எண் 12054. போட்டுப் பாருங்கள்.