கோலாலம்பூரில் உல்லாசம், ஊர் திரும்பினால் "மூணரை வட்டி"!

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பவர்களே, உஷார்!

மணப்பாறை,

மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பேர் போன ஊர் மணப்பாறை. இங்கே வட்டிக் கணக்கு தெரியாத ஆள் கிடையாது.

மாசத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. "மூணு வட்டி" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ சாமி, ஆளை விடு!" என்று கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

அதே ஆள் கிரெடிட் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறார். அங்கே ஏ.டி.எம்.மில் கார்டைச் சொருகுகிறார். சிரித்த முகத்தோடு "மூணரை வட்டி"க்குக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார். வாங்கியது கடன் என்பதே அவருக்குத் தெரியாது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பக்கத்திலேயே விமானம்

மணப்பாறையில் இருந்து திருச்சி சுமார் 40 கிலோ மீட்டர். அங்கே புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று விமானங்கள் பறக்கின்றன. 2024-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி புதிய முனையத்தைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார்.

2023 டிசம்பர் 1-ந் தேதி முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை வந்து தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? பத்துமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று சின்னக் கடைக்காரர்கள்கூட குடும்பத்தோடு கிளம்பத் தொடங்கினார்கள்.

டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறார்கள். செலவுக்கு? "அதுக்குத்தான் கார்டு இருக்கே!" என்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

20 ஆயிரத்துக்கு இரண்டரை ஆயிரம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோலாலம்பூர் ஏ.டி.எம்.மில் ஒருவர் கிரெடிட் கார்டைப் போட்டு 1,000 ரிங்கிட் எடுக்கிறார். அங்குள்ள தமிழர்கள் இதை "வெள்ளி" என்பார்கள். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எடுத்தது 20 ஆயிரம் ரூபாய்.

பல வங்கிகள் கார்டுக்குப் போட்டிருக்கும் கட்டணப்படி பில் இப்படி வரும்:-

அன்னிய நாணய மாற்றுக் கட்டணம் 3½ சதவீதம்: 700 ரூபாய்.

ரொக்கம் எடுத்த கட்டணம் 2½ சதவீதம்: 500 ரூபாய்.

இந்த இரண்டு கட்டணத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.: 216 ரூபாய்.

ஆக, பணம் கைக்கு வந்த நிமிடமே 1,416 ரூபாய் போச்சு! அந்த ஊர் ஏ.டி.எம்.காரர் தனியாகக் கட்டணம் பிடித்தால் அது வேறு.

அடுத்தது வட்டி. கடையில் கார்டைத் தேய்த்துச் சாமான் வாங்கினால், பில்லுக்கான கடைசித் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. ரொக்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பணம் எடுத்த அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்!

மாதம் 3½ சதவீதம் என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். ஊருக்கு வந்து, பில் வந்து, பணத்தைக் கட்டுவதற்குள் 40 நாள் ஓடிவிட்டால் வட்டி மட்டும் சுமார் 920 ரூபாய். அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. அது 166 ரூபாய்.

மொத்தம் 2,502 ரூபாய் தண்டம். இதே 20 ஆயிரத்துக்குக் கடையில் கார்டைத் தேய்த்து, பில்லை ஒழுங்காகக் கட்டியிருந்தால் 826 ரூபாயோடு போயிருக்கும்.

"மினிமம்" என்ற மாயவலை

"முழுசாக் கட்ட முடியாதா? மினிமம் கட்டினால் போதும்" என்று பில்லில் ஒரு தொகை இருக்கும். பல கார்டுகளில் இது பாக்கியில் 5 சதவீதம்தான்.

பாக்கி 22 ஆயிரத்து 500 என்றால் மினிமம் 1,125 ரூபாய். "அப்பாடா!" என்று மூச்சு விடுகிறார் கடைக்காரர். ஆனால் மீதிப் பணத்துக்கு அடுத்த மாத வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து சுமார் 883 ரூபாய். கட்டிய 1,125-ல் கடன் குறைந்தது வெறும் 242 ரூபாய்!

அதோடு விட்டதா? பாக்கி நிற்கும்வரை, புதிதாகக் கார்டில் வாங்கும் அரிசி, பருப்புக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஏறும்.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆனால் அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

கந்து வட்டிக்குச் சட்டம், கார்டு வட்டிக்கு?

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-ம் ஆண்டு தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டி வங்கிக் கார்டு வட்டியைக் குறைக்க முடியாது.

2008-ம் ஆண்டு ஜூலை மாதம் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு அதிரடித் தீர்ப்புச் சொன்னது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்றது. வங்கிகள் அப்பீலுக்குப் போயின. 16 ஆண்டு இழுத்தது வழக்கு.

2024 டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. 30 சதவீத உச்சவரம்பு போயே போச்சு! ஆகவே கையெழுத்துப் போடும் முன்பு வட்டி எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

"ரூபாயா, வெள்ளியா?"

கோலாலம்பூர் கடையில் கார்டைக் கொடுத்தால், மிஷினில் ஒரு கேள்வி வரலாம். "பில்லை இந்திய ரூபாயில் போடவா, மலேசியப் பணத்தில் போடவா?" என்று கேட்கும். நம்ம ஊர் ரூபாயைப் பார்த்ததும் மனசு இளகும். இளகக் கூடாது!

ரூபாயை அமுக்கினால், மாற்று விகிதத்தைக் கடைக்காரர் பக்கத்து நிறுவனம் வைப்பதுதான். பெரும்பாலும் அது நமக்கு நஷ்டம். சில இந்திய வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் போடும். அந்த ஊர்ப் பணத்தில் பில் போடச் சொல்வதே நல்லது.

போகிறவர்கள் செய்ய வேண்டியது

1. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டு உள்நாட்டில் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுக்கு நாமேதான் திறக்க வேண்டும். செலவுக்கு ஒரு வரம்பும் போட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் மூடிவிட வேண்டும். வெளிநாட்டில் ரொக்கம் எடுக்கும் வசதியை மட்டும் பூட்டி வைத்தால், சபலம் வந்தாலும் பணம் வராது!

2. கைச்செலவுக்கு திருச்சியிலேயே அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்தில் பணம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கொண்டுபோக அனுமதி உண்டு. முன்பணம் ஏற்றிய "பாரெக்ஸ் கார்டு"ம் இருக்கிறது. அதில் இருப்பது நம்ம பணம். கடன் வட்டி கிடையாது.

3. ஆஸ்பத்திரி, அவசரம் என்று ரொக்கம் எடுத்தே ஆக வேண்டுமா? எடுங்கள். ஆனால் பில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கைப்பேசியிலேயே மறுநாள் கட்டினால், மறுநாளோடு வட்டி நிற்கும்.

4. பில்லில் தப்பு இருந்தால் முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க போன் நம்பர் 14448.

முறுக்குக்குச் சுற்று கூடினால் அழகு. கடனுக்குச் சுற்று கூடினால், கழுத்தைத்தான் சுற்றும்!