வெளிநாடு போய்வருவோர் கொண்டுவர வேண்டிய சரக்கு

நம் சங்கத்து உறுப்பினர்களில் வெளிநாடு போய்வருகிறவர்கள் தொகை கூடிக்கொண்டே வருகிறது. துபாய், கோலாலம்பூர், கொழும்பு, சீனத்துச் சந்தைகள் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது போகிறார்கள். திரும்பி வந்ததும் படம் காட்டுகிறார்கள். கோபுரம் தெரிகிறது, கடல் தெரிகிறது, அண்ணாச்சி புதுச் சட்டையில் நிற்பது தெரிகிறது. பார்த்தவர்கள் "பேஷ்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படங்களால் ஒரு மூட்டை சரக்காவது கூடுதலாக விற்றதா, ஒரு நஷ்டமாவது தவிர்ந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பிறரைச் சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்பது கப்பலின் பெயர். ஜூனில் தொடங்கிய ஓட்டம் அந்த நவம்பரிலேயே நின்றுவிட்டது. ஓடிய சில மாதங்களுக்குள் நானும் ஒரு தடவை ஏறினேன். மாலையில் ஏறினால் விடிந்து கொழும்பு. அங்கே மொத்த வியாபாரம் நடக்கும் இடத்துக்குப் பெயர் புறக்கோட்டை. நம் புதுக்கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போனேன். (நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டையை நினைப்பார்கள். நெல்லைச் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் என்று விளக்கியே பாதி ஆயுள் போயிற்று.)

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மலைபோல வத்தல் மூட்டைகள். அரிசி, பருப்பு, மல்லி, வெங்காயம் எல்லாம் தெரு முழுக்க. சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் வத்தல் ஏற்றுமதி செய்ய நினைத்திருந்த நண்பர் ஒருவர் படங்களைப் பார்க்க வந்தார். கேள்விகள் இவ்வளவுதான்: "வத்தல் காம்போட இருந்துச்சா, காம்பு கிள்ளினதா அண்ணாச்சி? மூடை எத்தனை கிலோ? மார்க்கா என்ன? எத்தனை நாள் தவணை?" ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தைப் பார்த்தோம். மூட்டையின் குறி இருந்த இடத்தை என் வயிறு மறைத்திருந்தது. ஐம்பது கிலோதான் இருக்கும் என்று ஞாபகத்தில் சொல்லிவைத்தேன். அதை நம்பி அவர் விலை எழுதி அனுப்பினார். அங்கே கேட்டது இருபத்தைந்து கிலோ, காம்பு நீக்கியது. திருத்தி எழுதுவதற்குள் வேறு ஊர்க்காரர் சரக்கை ஏற்றிவிட்டார். நண்பர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

பயணத்தைப் பிறருக்குச் சொல்வது எப்படி என்று அறிய நாம் வெளியே தேட வேண்டியதில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியாரைப் பார்த்தால் போதும். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவருடைய நூலின் பெயர். பிறகு அவருக்கே அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. இளம் வயதில் ரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' என்ற இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அதுவும் வணிகர்களின் இதழ்தான் என்பதை நம் இதழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிறகு ஜப்பானுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். அமெரிக்காவில் நியூயார்க்கிலும் போய்ப் படித்தார். நம் பிள்ளைகள் இப்போது படிக்கப் போகிற மாதிரி அல்ல, 1930களில், கப்பலில்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீளச் செய்திப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அதற்குப் பின் அவர் செய்ததை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தால்தான் அருமை புரியும். முப்பது வருஷ காலத்தில் உலகெங்கும் நூறு பேர்வரை எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி நான்கு கண்டங்களில் ஒரு லட்சம் மைல் அலைந்தார். காந்தியடிகள் வாழ்ந்த தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். சேர்ந்த படம் 50,000 அடி. 1940 ஆகஸ்ட் 23இல் தமிழில் படம் வெளிவந்தபோது அதன் நீளம் 12,000 அடி. தொண்ணூறு அடி ஓடினால் ஒரு நிமிடம் என்பது கணக்கு. அதாவது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியதைச் சலித்துப் புடைத்து இரண்டேகால் மணிக்குள் அடக்கினார். நாலு மூட்டை வாங்கி ஒரு மூட்டை விற்பது போல. கழித்த மூன்று மூட்டையும் பணம் கொடுத்து வாங்கியது. நம்மில் யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? நூற்றைம்பது படம் எடுத்து நூற்றைம்பதையும் எல்லோருக்கும் அனுப்பிவைக்கிறவர்கள் நாம்.

அவருடைய பயணக் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வாக்கியம் சின்னது. தன்னைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஊரும் மனிதர்களும்தான் முன்னால் நிற்பார்கள். 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழை 1983இல் காலமாகும்வரை நடத்தினார்.

அவர் கதையில் ஒரு சங்கடமான பகுதியும் உண்டு. அவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தத் தமிழ்ப் படத்தின் பிரதி பிற்காலத்தில் தேடியும் அகப்படவில்லை. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கிலத்தில் சுருக்கி வெளியிட்ட வடிவம் ஒன்று அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பதை வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி 2006 வாக்கில் கண்டறிந்தார். பிரதி பல இடத்தில் இருந்தால்தான் பிழைக்கும். கணக்குப் புத்தகத்துக்கு நகல் வைக்கிற நாம் படத்துக்கு வைப்பதில்லை. செல்போன் தண்ணீரில் விழுந்தால் மலேசியாவும் சேர்ந்து விழுந்துவிடுகிறது.

வணிகர் எழுதிய பயணக் குறிப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பழையகாயல் துறைமுகத்தைப் பற்றி வெனிஸ் நகரத்து வணிகர் குடும்பத்து மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து தங்கின என்று அவர் சொன்னது 1298 வாக்கில் ஜெனோவாச் சிறையில் இருந்தபோது எழுத்தில் ஏறியது. எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர் கவனித்ததால் எழுநூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. தன் சட்டையைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

இனி, போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது அளவை. விலைப்பலகையைப் படம் எடுத்தால் மட்டும் போதாது, எந்த அளவுக்கு அந்த விலை என்று உடனே எழுதிக்கொள்ள வேண்டும். சீனத்துச் சந்தையில் 'ஜின்' என்பது அரைக் கிலோ. அதைக் கிலோ என்று நினைத்து "அங்கே பாதி விலை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பழைய அளவைக்கு ஹாங்காங்கில் சுமார் 605 கிராம். பர்மாவிலிருந்து நமக்கு உளுந்து வருகிறது. அங்கே 'விஸ்' என்கிறார்கள். நம் தாத்தா காலத்து வீசைதானே என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீசை சுமார் 1.4 கிலோ, அவர்கள் விஸ் 1.63 கிலோ. நூறு வீசைக்கு இருபத்து மூன்று கிலோ வித்தியாசம் வருகிறது. கொழும்பில் விலைப்பலகையில் ரூபாய் என்றுதான் இருக்கும், ஆனால் அது அவர்கள் ரூபாய். நான் போன காலத்தில் நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் இரண்டுக்கு மேல் கிடைத்தது.

அடுத்தது, எதைப் படம் எடுப்பது என்பது. மூட்டையின் குறி, தையல், சாக்கா பிளாஸ்டிக் பையா என்பது, தராசு, லாரியில் அடுக்கும் முறை, சில்லறைக் கடையில் எந்தச் சரக்கை முன்னால் வைக்கிறார்கள் என்பது. இவற்றை நாலு படத்தில் அடக்கிவிடலாம். நீங்கள் படத்தில் இருக்க ஆசைப்பட்டால் ஓரமாக நில்லுங்கள்.

அனுமதி கேட்காமல் எடுக்கக் கூடாது. பிறத்தியார் கடையில் நுழைந்து விலைச்சீட்டைப் படம் பிடிப்பதை நாம் இங்கே பொறுப்போமா? "ஊரில் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. டீயும் வாங்கிக் கொடுத்துத் தவணை விவரமும் சொல்லிவிடுகிறார்கள். அரபு அமீரகத்தில் ஆட்களை அவர்கள் சம்மதமில்லாமல் படம் எடுப்பதும் பிறருக்கு அனுப்புவதும் குற்றம்; பெண்களை எடுத்தால் விபரீதமாகிவிடும். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது பெரிய அவமரியாதை. துறைமுகம், சுங்கம், ராணுவ இடங்களில் எந்த நாட்டிலும் கைபேசியை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

நம் இதழுக்கு என் யோசனை ஒன்று. போய்வந்தவர் யாராயிருந்தாலும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரட்டும், நாலே நாலு படத்தோடு. நடை நன்றாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம்; நான் எழுதுவதையே போடுகிறார்கள். போன இடத்தில் ஏமாந்ததையும் சேர்த்து எழுதுவது முக்கியம். நல்லதை எல்லோரும் சொல்லுவார்கள். முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்டதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. அதே வலையில் அடுத்த மாதம் நம் ஆள் ஒருவரே போய் விழுகிறார். ஒரு பிரதி சங்கத்து அலமாரியில் இருக்கட்டும், இன்னொன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

2018இல் மறுபடி கொழும்பு போனேன், இந்தத் தடவை விமானத்தில். பதினோரு படங்கள்தான் எடுத்தேன்; ஒன்றில்கூட நான் இல்லை. மூட்டைக் குறி, காம்பு நீக்கிய வத்தல் ஒரு கைப்பிடி, விலைப்பலகை எல்லாம் தெளிவாக இருந்தன. அதே நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு விலைப்பலகைப் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தேதி விலை அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் எழுதி வைக்கவில்லை.